அசல் உன்கிட்ட, நகல் என்கிட்ட

மார்ச் 3

சுண்டு,

போன் பண்ணாம கடிதாசி எழுதுறாளேன்னு முழிக்காத. என் போன் இப்போ ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள, அரக்கு முத்திரையோட, ஏதோ ஒரு ஆபீஸ் அலமாரியில இருக்கு. கம்ப்யூட்டரும் அங்கதான். போன செவ்வாய்க்கிழமை காலையில வேலைக்குக் கிளம்பி ஒரு கால்ல செருப்பு மாட்டிட்டேன், அடுத்த காலுக்குள்ள ரெண்டு பேர் வாசல்ல வந்து நின்னாங்க. ஒருத்தர் அடையாள அட்டையைக் காட்டினார். அம்மா அவங்களை இன்டர்நெட் ரிப்பேர் பண்ண வந்தவங்கன்னு நினைச்சுட்டு, "நல்லவேளை வந்தீங்க, ரெண்டு நாளா படம் நின்னு நின்னு வருது"ன்னு உள்ள கூட்டிட்டுப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. அவங்களும் உட்கார்ந்துட்டாங்க. நான் ஒத்தைச் செருப்போட நின்னு அவங்க குடுத்த காகிதத்தைப் படிச்சேன்.

பாட்டுத் திருட்டுத் தடுப்புச் சட்டமாம். நான் குற்றவாளியாம். எந்தப் பாட்டைத் திருடினேன் தெரியுமா? உன்னோட ஜன்னல் பாட்டை.

சிரிச்சுட்டேன்டா. "இது என் தம்பி போட்ட பாட்டுங்க"ன்னேன். "எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்கம்மா"ன்னார் அந்த ஆள், எழுதுறதை நிறுத்தாம.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, நீ அந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல ஒயர் சுத்துற வேலை பார்த்துக்கிட்டிருந்தப்ப, ஒரு டிஸ்க்கைத் தபால்ல அனுப்பினயே, ஞாபகம் இருக்கா? நீ சொன்ன மாதிரியே பாட்டு பகிர்ற அந்த சாஃப்ட்வேரை என் கம்ப்யூட்டர்ல போட்டேன். உன் பாட்டை அதுல வெச்சு, வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும்னு திறந்து விட்டேன். மூடாதேன்னு சொன்ன. மூடல. ஒன்பது வருஷமா மூடல. நடுவுல கம்ப்யூட்டர் மாத்தினப்பகூட கடைக்காரரை நிக்க வெச்சு, "மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல இதை மாத்திக் குடுங்க"ன்னு வாங்கிட்டு வந்தேன். நாற்பத்தோராயிரம் பேர் எடுத்திருக்காங்கன்னு அந்தக் காகிதத்துல போட்டிருக்கு. பரவாயில்லையேன்னு ஒரு நிமிஷம் பெருமையா வேற இருந்துச்சு.

சட்டம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சாம். எடுக்கிறவங்களுக்கு எச்சரிக்கை, அடுத்தவங்க எடுக்கிற மாதிரி திறந்து வெக்கிறவங்களுக்குத் தண்டனை. செஞ்சது யாருன்னு பார்க்க மாட்டாங்க, கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் ஆள். மூணு தடவை எச்சரிச்சாங்களாம். எங்கன்னு கேட்டா, கனெக்‌ஷன் குடுத்தப்ப நெட் கம்பெனிக்காரங்களே உண்டாக்கின ஏதோ ஒரு ஈமெயிலுக்கு. அப்படி ஒண்ணு என் பேர்ல இருக்கிறதே எனக்குத் தெரியாது.

அபராதம்னா கட்டிட்டுப் போயிடுவேன். பயம் அது இல்ல. எந்தத் தண்டனையா இருந்தாலும் சரி, தண்டனைன்னு ஒண்ணு வந்தா மருந்தாளுநர் பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் எந்த மருந்துக் கடையிலயும் என்னை நிக்க விட மாட்டாங்க. பதினேழு வருஷம்டா. டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் ஒரு மாத்திரை நீட்டினதில்ல. எங்க மருந்தகத்துல எனக்கு 'சீட்டக்கா'ன்னே பேர். அப்படிப்பட்டவளைத் திருடின்னு எழுதியிருக்காங்க.

பாட்டுக்குச் சொந்தக்காரன் நீ. ஒரு வார்த்தை சொல்லிடு, முடிஞ்சு போகும். விசாரணை ஏப்ரல் 20. அம்மா உன்னையும் சின்னதையும் கேட்டாங்க. பல்லு முளைச்சிடுச்சா?

அக்கா

---

மார்ச் 12

அக்கா,

உன் கையெழுத்துல கவரைப் பார்த்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு, யாருக்கு என்ன ஆச்சோன்னு. பிரிச்சுப் படிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. அம்மா நாற்காலி போட்ட கதையை என் வீட்டுக்காரிகிட்ட நடிச்சே காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சா.

இதுக்கெல்லாம் பயப்படாத. இது மனுஷங்க அனுப்புறதே கிடையாது. என் பாட்டை வாங்கின மியூசிக் கம்பெனி ஒரு ஏஜென்சியை வெச்சிருக்கு. அவங்க மெஷின் நாள் பூரா நெட்டுல துழாவிக்கிட்டே இருக்கும், யார் கம்ப்யூட்டர்ல பாட்டு இருக்கோ அந்த நம்பருக்கு நோட்டீஸ் அடிச்சுத் தள்ளும். ஒரே நாள்ல ஆயிரம் போகும். கம்பெனி வக்கீலைப் பார்த்து "இது எங்க அக்காங்க"ன்னா அவரே தலையில அடிச்சுக்குவார்.

ஒண்ணு மட்டும். சொந்தக்காரன் நான்னு எழுதியிருக்க, அது பழைய கதை. போன வருஷம் எழுதிக் குடுத்ததுல இருந்து பாட்டு கம்பெனியோடது. ஒரு கல்யாண வீட்டுல நான் வாயைத் திறந்து அதைப் பாடணும்னாகூட இப்போ அவங்களைக் கேட்கணும். வேடிக்கையாத்தான் இருக்கு. ஆனா அவங்க எடுத்துக்கிட்டதாலதான் அது இன்னிக்கு பஸ்ஸுல, துணிக்கடையில, பல் டாக்டர் ரூம்ல எல்லாம் ஓடுது. நீ ஒன்பது வருஷம் திறந்து வெச்சும் என்னை ஒருத்தனும் கூப்பிடலயேக்கா. குத்திக்காட்டல, உள்ளதைச் சொல்றேன்.

அந்த டிஸ்க்கோட நான் ஏதாவது எழுதி அனுப்பினேனா? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. நீ தூக்கிப் போட்டிருப்ப. ஒருவேளை இருந்தா சொல்லு. போன் வாங்கினாலும் அதுல இதைப் பத்திப் பேச வேண்டாம், என் போனை இப்போ நான் மட்டும் பார்க்கிறதில்ல. கடிதாசியே நல்லது.

சின்னதுக்குக் கீழ ரெண்டு பல்லு எட்டிப் பார்க்குது. கையில எது கிடைச்சாலும் கடிக்கிறான்.

சுண்டு

---

மார்ச் 19

சுண்டு,

நானாவது தூக்கிப் போடுறதாவது. என் சான்றிதழெல்லாம் வெச்சிருக்கிற பச்சை ஃபைல்ல பத்திரமா இருக்கு. உனக்கு ஞாபகம் இல்லைங்கிறதால எழுதுறேன், கேட்டுக்க:

"அக்கா, இங்க எனக்கு நெட் கிடையாது. நீ உன் கம்ப்யூட்டர்ல இதைப் போட்டுத் திறந்து வை. யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும், எடுத்தவங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும். என் பாட்டு, நான் சொல்றேன். தயவுசெஞ்சு மூடிடாத. எடுத்துட்டு மூடிக்கிட்டுப் போறவன்தான் திருடன்." கீழ உன் கையெழுத்து. தேதி. அதுக்கும் கீழ, செலவுக்கு ஏதாவது அனுப்ப முடியுமான்னு பொடி எழுத்துல ஒரு வரி. அதை நான் யாருக்கும் காட்ட மாட்டேன், பயப்படாத.

எனக்கு அரசாங்கத்துல ஒரு இலவச வக்கீல் குடுத்திருக்காங்க. சின்னப் பொண்ணு. எந்நேரமும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரே ரூம்ல ஆறு மேஜை, அவ மேஜைக்கு ஒரு கால் குட்டை, அட்டை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கா. உன் கடிதத்தைப் படிச்சதும் உறிஞ்சுறதையே நிறுத்திட்டா. "இது ஒண்ணு போதும்க்கா. பாட்டு அவர்கிட்ட இருந்தப்ப அவரே கையெழுத்துப் போட்டு அனுமதி குடுத்திருக்கார், அதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்லவே இல்ல. கேஸ் நிக்காது"ன்னா. நான்தான், தம்பியை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கிறேன்னு வாங்கி வெச்சுக்கிட்டேன்.

வேலையில கவுன்ட்டர்ல நிக்க வேண்டாம்னுட்டாங்க. கேஸ் முடியற வரைக்கும் கீழ்த்தளத்துல ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. பெட்டி பிரிச்சு அடுக்குறதுதான் வேலை. நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணு மேல நின்னு கையெழுத்துப் போடுறா. சந்தேகம் வந்தா படியிறங்கி வந்து என்னைக் கேட்குறா, நான் சொல்றேன், அவ போய் கையெழுத்துப் போடுறா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கிறதில்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். வக்கீல் பொண்ணு புகார் நகலைக் காட்டினா. கம்பெனி புகாரோட உன் வாக்குமூலம் ஒண்ணு சேர்ந்திருக்கு. "இந்தப் பாடலை இதற்கு முன் எவருக்கும் எந்த வடிவிலும் நான் கொடுத்ததில்லை." கீழ கையெழுத்து. மெஷின் அனுப்புறதுன்னு எழுதின. உன் கையெழுத்து மெஷினுக்கு எப்படிடா தெரியும்?

நான் கோவப்படல. அவங்க ஏதாவது வித்தை பண்ணியிருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன். இல்லைன்னு மட்டும் சொல்லிடு.

அக்கா

---

மார்ச் 27

அக்கா,

கையெழுத்து என்னுதுதான்.

ஒருநாள் கம்பெனியில முப்பது காகிதம் நீட்டினாங்க. ஒவ்வொண்ணுலயும் கலர் கலரா ஒட்டி, இங்க, இங்க, இங்கன்னு. வெளிய கார் நிக்குது, பேட்டிக்கு நேரமாச்சு. எதையும் படிக்கல. எதிர்த்தரப்புல யார் பேர் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் உன் கடிதாசிதான் எனக்கு நியூஸ்.

வக்கீலைப் பார்த்தேன். தலையில அடிச்சுக்கல. கதவைச் சாத்தினார். கான்ட்ராக்டுலயும் அதே வரி இருக்காம், இதுக்கு முன்னாடி யாருக்கும் குடுத்ததில்லைன்னு. அது பொய்னு கோர்ட்டுல வெளிய வந்தா நான் ஏமாத்தினவனாயிடுவேன். குடுத்ததெல்லாம் திரும்பக் கேட்பாங்க, அடுத்த ஆறு பாட்டும் போயிடும். இந்த வீடே அந்த ஆறு பாட்டை நம்பி வாங்கினதுக்கா. சின்னது தவழ ஆரம்பிச்சிருக்கிற இந்தத் தரைகூட இன்னும் என்னுது இல்ல.

ஆனா ஒரு வழி இருக்கு. வக்கீலே சொன்னார். கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தக் கடிதத்தைக் கம்பெனி பெரியவர்கிட்ட நேர்ல காட்டினா, விஷயம் வெளிய வராம அவங்களே புகாரை வாபஸ் வாங்கிடுவாங்க. உனக்கும் கேஸ் இல்ல, எனக்கும் தலைவலி இல்ல. நகல் வேலைக்கு ஆகாதாம், யாரோ உண்டாக்கினதுன்னுடுவாங்களாம். அசல் வேணும். ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு. அப்படி வாபஸ் வாங்கலைன்னா 20ஆம் தேதி நானே அதைக் கையில எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்கு வந்து நிப்பேன். அம்மா மேல ஆணை.

உன் வக்கீல் வேண்டாம்னுதான் சொல்லுவா. அவளுக்கு ஒரு கேஸ் ஜெயிக்கணும், அவ்வளவுதான். நீதான் என்னைத் தூக்கி வளர்த்தவ. உன்கிட்ட கேட்காம யார்கிட்ட கேட்பேன்?

சுண்டு

---

ஏப்ரல் 2

சுண்டு,

இதோட உன் கடிதம் வருது. அசல்.

வக்கீல் பொண்ணு வேண்டவே வேண்டாம்னா. சண்டையே போட்டா. "அக்கா, நீங்க மருந்தகத்துல என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா. அசல் சீட்டை நாங்க வாங்கி வெச்சுக்குவோம், நகல்ல சீல் அடிச்சு வந்தவங்க கையில குடுப்போம்னேன். "யாராவது அசலைக் கேட்டா?"ன்னா. தலைகீழா நின்னாலும் குடுக்க மாட்டேன்னேன். சொல்லி முடிச்சப்புறம்தான் அவ எங்க வந்து நிக்கிறான்னு புரிஞ்சுது. "அவன் வெளியாள் இல்லம்மா, என் தம்பி"ன்னுட்டு எழுந்து வந்துட்டேன். அவளுக்காக ஒரு நகல் மட்டும் எடுத்துக் குடுத்தேன்.

உன் மேல கோவம் இல்லாம இல்ல. நீ காகிதத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டதை நம்புறேன், சின்ன வயசுலயே மார்க் அட்டையில அப்பா கையெழுத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டவன்தானே நீ. ஆனா நான் எழுதின முதல் கடிதாசிக்கு நீ சிரிச்சு பதில் போட்டப்ப உனக்குக் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்குமோன்னு ஒரு நினைப்பு ஓடிக்கிட்டே இருக்கு. பெட்டி அடுக்கும்போது வேற வேலை இல்லையா, புத்தி அங்கயே போகுது. வேண்டாம். விடு.

வாபஸ் வாங்கினாங்கன்னு ஒரு வரி எழுதிப் போடு. அந்த ஸ்டோர் ரூம்ல ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரியுது. சீக்கிரம் மேல போகணும்.

அக்கா

---

ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பியது கிடைத்தது. இவ்விஷயம் உரிய இடத்தில் உரிய முறையில் பேசப்படும். இது குறித்து மேற்கொண்டு எழுத்து மூலமாக எதையும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். நலம்.

தம்பி

---

ஏப்ரல் 21

என்னை 'அவர்கள்'னு எழுதின அந்தக் காகிதம் கையில கிடைச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கம்ப்யூட்டர்ல அடிச்சு, கையெழுத்துகூட போடாம. யாரோ பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல அடிச்சிருக்கன்னு பார்த்ததும் தெரிஞ்சுது. இருந்தாலும் நேத்து காலையில கோர்ட் வாசல்ல ஒவ்வொரு ஆட்டோ வந்து நிக்கும்போதும் எட்டிப் பார்த்தேன்டா. நீ இறங்குவேன்னு.

நீ இறங்கல. சுவர்ல இருந்த டி.வி.யில வந்த. நீலச் சட்டை. முடியைக் குட்டையா வெட்டியிருக்க, நல்லா இருக்கு. அந்த நிலைமையிலயும் எனக்கு அதுதான் முதல்ல தோணுச்சு.

எனக்கு முன்னாடி ஒரு லாரி டிரைவரோட கேஸ். அவர் மாசத்துல இருபது நாள் ரோட்டுல இருக்கிறவர். மாடியில குடியிருந்தவன் திறந்து வெச்ச பாட்டுக்கு அவர் பேர்ல கேஸ், கனெக்‌ஷன் அவர் பேர்ல இருக்குன்னு. குடியிருந்தவன் காலி பண்ணிட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சாம். "ஐயா, எனக்குப் பாட்டே பிடிக்காதுங்க"ன்னார். சிரிப்பு வந்துச்சு எல்லாருக்கும். தண்டனையும் குடுத்துட்டாங்க.

என் கேஸ்ல வக்கீல் பொண்ணு நகலை எடுத்து நீட்டினா. உன் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. இது உங்க கையெழுத்தான்னு ஜட்ஜ் கேட்டார். நீ என்ன சொன்ன? "என்னோடது மாதிரி இருக்கு. ஆனா நான் இப்படி எழுதினதா ஞாபகம் இல்ல." அசல் எங்கன்னு கேட்டார். இவர்கிட்டதான் அனுப்பினேன்னு நான் சொன்னேன். "ஒரு கவர் வந்துச்சு, குடும்ப விஷயமான கடிதங்கள்தான் இருந்துச்சு"ன்ன. குரல்கூட நடுங்கல. பாட்டுக்காரனாச்சே, குரலை எங்க பிடிக்கணும்னு உனக்குத் தெரியாதா.

கழுத்தறுத்துட்டடா. இதுக்கு வேற வார்த்தை எனக்குத் தெரியல. வெளியாள் செஞ்சிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். நான் குளிப்பாட்டித் தலை துவட்டின பையன் அந்த டி.வி.யில உட்கார்ந்து என்னைப் பார்க்காம பேசுறான்.

ஜட்ஜ் கெட்டவர் இல்ல. கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு, "இந்தச் சட்டத்துல எனக்கு நகர இடம் இல்லம்மா. எண்ணம் என்னன்னு பார்க்கச் சொல்லல, கனெக்‌ஷன் யாருது, திறந்திருந்துச்சா, அவ்வளவுதான் கேட்குது. உரிமைக்காரர் குடுத்த அனுமதி ஒண்ணுதான் உங்களைக் காப்பாத்தும், அதுக்கு அந்த அசலேதான் வேணும், அதைப் பத்தின வேற எந்தக் கடிதாசியும் ஈடாகாது"னார். அபராதம் போட்டார். அது எவ்வளவுன்னு நான் கவனிக்கவே இல்ல.

நல்லாக் கேட்டுக்க. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். மே 20, சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள அந்த அசல் என் கையில இருந்தா என் பேர் பதிவேட்டுல இருக்கும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஜென்மத்துக்கும் எடுத்ததுதான், மறுபடி சேர்க்க வழியே கிடையாது. நீ வந்து நிக்க வேண்டாம். எதுவும் சொல்ல வேண்டாம். கவர்ல போட்டு அனுப்பு, போதும். பிச்சைன்னே வெச்சுக்க.

அக்கா

---

மே 6

சுண்டு,

பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து உன் வீட்டுக்கு ரெண்டு தடவை பேசினேன். உன் வீட்டுக்காரி எடுத்து, நீ ரெக்கார்டிங்ல இருக்கேன்னா. கோர்ட்டுல நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாதுன்னு குரல்லயே தெரிஞ்சுது. சின்னவன் ஏதோ கத்திக்கிட்டிருந்தான் பின்னால. அவகிட்ட நான் எதுவும் சொல்லல.

இன்னும் பதினாலு நாள்.

அக்கா

---

மே 18

அக்கா,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

இதோட உன் அசல் இருக்கு. வக்கீல் வாங்கி அவர் இரும்புப் பெட்டியில வெச்சுட்டார்க்கா. அந்தப் பெரியவர்கிட்ட காட்டவே இல்ல. காட்டுறதா இருந்ததே இல்லைன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. நீ அனுப்பின அசல் வந்து சேர்ந்த அன்னிக்கே உன் கையில ஆயுதம் இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கோர்ட்டுல என்ன பேசணும்னு எழுதியே குடுத்தாங்க. ஒத்திகை பார்த்தோம். ஒரு பாட்டுக்குப் பார்க்கிற மாதிரி.

நான் கோழை. சின்ன வயசுல இருந்தே. உனக்குத் தெரியாததா? யார் வந்து மிரட்டினாலும் உன் பின்னால போய் நின்னவன்தான். இந்தத் தடவை மிரட்டினவங்க பக்கம் போய் நின்னுட்டேன். உன் முகத்தை ஸ்க்ரீன்ல பார்க்கக் கூடாதுன்னு கேமராவுக்கு மேல இருந்த ஒரு பச்சை லைட்டையே பார்த்துக்கிட்டு பேசினேன்.

இன்னிக்கு வக்கீல் வெளிய போன நேரம் பார்த்து, அவர் அசிஸ்டென்ட்கிட்ட வேற ஏதோ பத்திரம் பார்க்கணும்னு சொல்லி, பெட்டியைத் திறக்க வெச்சு எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கு, உடனே அனுப்புறேன், ரிஜிஸ்டர்ல நாளன்னிக்குக் காலையில உன் கையில இருக்கும். ஓடு. அப்பீல் போடு. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், நான் பார்த்துக்கிறேன். வீடு போனா போகுது.

மன்னிக்கணும்னு கேட்க எனக்கு வாய் இல்ல. ஒருநாள் அம்மாவையும் உன்னையும் வந்து பார்க்கலாமான்னு மட்டும் சொல்லு.

உன் சுண்டு

---

மே 27

தம்பிக்கு,

உன் கவர் 24ஆம் தேதி மத்தியானம் வந்து சேர்ந்துச்சு. பிரிச்சு, மேல மே 18ன்னு பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. என் தம்பி திருந்திட்டான், இந்தத் தபால்காரங்கதான் என் குடியைக் கெடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். கவரையும் கையில பிடிச்சுக்கிட்டு நேரா தபால் ஆபீசுக்குப் போனேன். நான் சத்தம் போட்டுப் பேசி நீ பார்த்திருக்க மாட்ட. அன்னிக்குப் போட்டேன். பதினெட்டாம் தேதி அனுப்பின ரிஜிஸ்டர் தபால் ஆறு நாள் எங்கய்யா தூங்குச்சு, என் பொழப்பே போச்சேன்னு கத்தினேன். வரிசையில நின்னவங்க எல்லாம் விலகி நின்னாங்க.

கவுன்ட்டர்ல இருந்தவர் வயசானவர். கவரை வாங்கித் திருப்பி, கண்ணாடியை மூக்குல இறக்கிக்கிட்டு, முத்திரை மேல விரலை வெச்சுக் காட்டினார். மே 22. காலையில 11.40. "சொன்ன மாதிரி ரெண்டே நாள்ல குடுத்திருக்கோம்மா"ன்னார்.

அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். ரொம்ப நேரம் கேட்டேன் போல, "பரவாயில்ல, போங்கம்மா"ன்னு அவரே சொல்லி அனுப்பினார்.

உள்ள பதினெட்டு, வெளிய இருபத்திரண்டு. பதினெட்டாம் தேதியே எழுதிட்டு நாலு நாள் மேஜை மேல வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தயா, இல்ல இருபத்திரண்டாம் தேதி உட்கார்ந்து பதினெட்டுன்னு போட்டயான்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். மருந்து டப்பாவுல தேதி மாத்தி ஒட்டி வித்த ஆளுங்களைப் பிடிச்சுக் குடுத்திருக்கேன்டா நான். அவங்ககூட அழுது கடிதாசி எழுதினதில்ல. நீ எனக்கு உதவவும் இல்ல, உதவாம விட்டேன்னு ஒத்துக்கவும் இல்ல. கெட்டவன்னும் இருக்கக் கூடாது, நஷ்டமும் வரக் கூடாது உனக்கு. கோர்ட்டுல சொன்ன பொய்யை அவங்க எழுதிக் குடுத்தாங்க. இந்தப் பொய்யை நீயே எழுதியிருக்க.

பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துட்டதா நேத்து காகிதம் வந்துச்சு. ரெண்டே வரி. என் பதிவு நம்பரைப் போட்டு, இனி செல்லாதுன்னு. ஸ்டோர் ரூம் சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன். நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணு வாசல் வரைக்கும் வந்தா. அழுதா. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஒரு நோட்டுப் புத்தகக் கடையில ஆள் வேணும்னு போட்டிருந்தாங்க, ஒண்ணாம் தேதியில இருந்து அங்க போறேன். அட்டை போட்டுக் குடுக்கணும். பழகிடும்.

நீ வர வேண்டாம். உன் பழைய கடிதத்தையும் திருப்பி அனுப்பப் போறதில்ல. செலவுக்கு ஏதாவது அனுப்ப முடியுமான்னு கூச்சப்பட்டு பொடி எழுத்துல கேட்டவன் எழுதினது அது. அவன் என் தம்பி. உனக்கு அதுல பாத்தியதை இல்ல.

அம்மாகிட்ட ஆஸ்பத்திரியில ஆள் குறைச்சுட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்களுக்கு உன் மேல ஒரு குறையும் இல்ல. இன்னிக்குக் காலையில, "தெருவெல்லாம் அவன் பாட்டு பாடுது, நம்ம வீட்டுல மட்டும் இல்லையே, அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துச்சே, எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க. புதுசா வாங்கின போன்ல, உங்க கம்பெனி விக்கிற இடத்துலயே, காசு கட்டி வாங்கிக் குடுத்தேன். ரசீது இதோட இருக்கு. யாராவது கேட்டா காட்டிக்க.

உள்ள அம்மா அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்காங்க. நான் கதவைச் சாத்திட்டு வெளிய படியில உட்கார்ந்து இதை எழுதுறேன். முடியட்டும்னு காத்திருக்கேன், அப்புறம் உள்ள போகணும்.

அக்கா